எட்டு செகண்ட் ஆழம்

திண்டிவனத்துல பஸ் ஏறினா மரக்காணம். காலை நனைச்சு, சுண்டல் வாங்கித் தின்னுட்டுத் திரும்பிடுவோம். நீங்களும் அப்படித்தானே பாஸ்?

விழுப்புரத்தில் ஃபிசிக்ஸ் படிச்சப்போதான் உறைச்சது. ஆழ்கடலில் வெளிச்சம் எடுபடாது. விஞ்ஞானிகள் ஒலியை அனுப்பித்தான் ஆழத்தை அளக்கிறாங்க. தண்ணீரில் ஒலியின் வேகம் செகண்டுக்கு சுமார் 1,500 மீட்டர். 6,000 மீட்டர் போய் எதிரொலி திரும்ப எட்டு செகண்ட். எண்ணிப் பாருங்க, ரொம்ப நீளம்!

அந்த ஆழத்துக்கு மூணு பேர் இறங்கத்தான், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 'மத்ஸ்யா 6000' வாகனத்தை உருவாக்கியது. ஆள் உட்காரும் டைட்டானியம் உருண்டையின் குறுக்களவு 2.1 மீட்டர்தான். வெளியே சுமார் 600 மடங்கு அழுத்தம்! 2025 ஆகஸ்ட்டில் பிரெஞ்சு வாகனம் ஒன்றில் அட்லாண்டிக்கில் 5,002 மீட்டர் வரை போய் வந்துட்டாங்க நம்மாளுங்க.

கடலியல் எம்.எஸ்சி. அப்ளிகேஷனை அப்பாகிட்ட நீட்டினேன். பி.எட். சேரச் சொன்னவர் அவர்.

"உனக்கு நீச்சலே தெரியாதேடா?"

உண்மைதான். கையெழுத்து மட்டும் போட்டுட்டார்.