படிக்காத கன்ஃபிகர்

கட்டற்ற மென்பொருளுக்கு பில்ட் ஸ்கிரிப்ட் எழுதுகிறவன் என்று என்னைச் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் எழுதவில்லை, காப்பியடித்தேன். வேறொரு திட்டத்தின் கன்ஃபிகர்.ஏசி கோப்பை எடுத்து, பெயரையும் பதிப்பு எண்ணையும் மாற்றியதோடு சரி.

அந்தக் கோப்பிலிருந்து கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் 1991-ல் வந்தது. யூனிக்ஸ் ஆளுக்கொரு தினுசாக இருந்த காலம். இந்த ஹெடர் இருக்கிறதா, அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். என் நிரலோ லினக்ஸைத் தாண்டியதில்லை. இருந்தும் அத்தனை சோதனைகளையும் வைத்திருந்தேன். அவற்றின் விடையை நிரலில் எங்கும் பயன்படுத்தவே இல்லை. திரையில் வரி வரியாக ஓடுவதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட சோதனை ஒவ்வொன்றும் ஒரு குட்டி சி நிரலை கம்பைலரிடம் கொடுக்கும். கம்பைல் ஆனால் ‘உண்டு’, ஆகாவிட்டால் ‘இல்லை’. ஏன் ஆகவில்லை என்று கேட்காது. பிற்பாடு நானாக எழுதிச் சேர்த்த ஒரே சோதனையில் ஹெடரை இன்க்ளூட் செய்ய மறந்திருந்தேன். பழைய ஜிசிசி கம்பைலர் எச்சரித்துவிட்டு விட்டுவிடும். 2024-ல் வந்த ஜிசிசி 14 அதைப் பிழையாக்கியது. பில்ட் நிற்கவில்லை, வசதி ஒன்று மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போனது. கேட்டு எழுதிய பயனரிடம், கோளாறு உங்கள் கணினியில்தான் என்று பதில் போட்டேன். அவர் அனுப்பிய கான்ஃபிக்.லாக் பதிவுக் கோப்பில் காரணம் தெளிவாக இருந்தது. நான் அதைத் திறக்கக்கூட இல்லை.

அதே ஆண்டு மார்ச்சில்தான் எக்ஸ்இஸட் என்ற சுருக்க மென்பொருளின் விவகாரம் வெடித்தது. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார் கோப்பில் மட்டும், கிட் களஞ்சியத்தில் இல்லாத ஓர் எம்4 கோப்பு வழியாகப் பின்கதவு புகுந்திருந்தது. அதே மென்பொருளில், சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியின் பக்கம் நடந்தது இன்னும் நுணுக்கம். லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதிக்கான சோதனை நிரலில் ஒரேயொரு புள்ளி, தனியாக ஒரு வரியில். அதனால் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது, வசதி ‘இல்லை’ ஆகிவிடும். நான் அசட்டையால் செய்ததை அங்கே ஒருவர் திட்டமிட்டுச் செய்திருந்தார். என்னைப் போன்றவர்கள் படிக்கமாட்டோம் என்ற தைரியம்தான் அவருக்கு முதலீடு.

வேண்டாத சோதனைகளை இப்போது நீக்கிவிட்டேன். ஆனால் நான் வெளியிடும் கன்ஃபிகர் இன்னும் பல்லாயிரம் வரி. அதை நான் முழுக்கப் படித்ததே இல்லை. ஆகவே என் டார் கோப்பை நம்பாதீர்கள். கிட்டிலிருந்து எடுத்து, ஆட்டோரீகான்ஃப் ஓட்டி நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள்.