படிக்கவொண்ணா எழுத்து

என் மனம் ஒருநிலைப்பட்டதன்று. காலையில் சுக்குக்காப்பியும் தொல்காப்பியமும் போதுமென்றிருக்கும். மாலையிலோ நூல்களை மூடிவிட்டுத் தூரிகை ஏந்த விழையும். ஓவியம் பயிலவேண்டுமென்ற அவாவைத் தந்தையார் மறுத்தமையால் தமிழ் பயில வந்தவன் யான். அக்குறை உள்ளத்தே முள்ளென நின்றது.

சென்ற விடுமுறையில், சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் 1966-ஆம் ஆண்டு கே. சி. எஸ். பணிக்கர் முதலானோர் தோற்றுவித்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குச் சென்றிருந்தேன். 1963 முதல் பணிக்கர் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையைச் சேர்ந்த ஓவியமொன்றின் முன் நின்றேன். எழுத்தையொத்த கோடுகள் அதில் நிரம்பியிருந்தன. தமிழ் மாணவனன்றோ! படிக்க முயன்றேன்; ஒரு சொல்லும் அகப்படவில்லை. பின்னர்ப் படிப்பதை விடுத்துப் பார்க்கலானேன்.

அப்பொழுது என் பாட்டியார் நினைவு எழுந்தது. எழுத்தறியாத அவர், என் கடிதத்தைப் பிறர் படித்துக்காட்டிய பின்னரும், அவ்வரிகளை நெடுநேரம் பார்த்திருப்பார். அவர் கண்டது யாதென்பதை அன்றே உணர்ந்தேன்.

இப்பொழுது ழகரத்தின் வளைவைக் கண்டும் மகிழ்கின்றேன். ஆயின் அவா தணிந்ததோவெனின், இல்லை. நேற்றும் இலக்கணக் குறிப்பேட்டின் ஓரத்தில், கடிதம் ஏந்திய பாட்டியாரின் கைகளை வரைந்தேன். அதனைத் தந்தையார்க்குக் காட்டும் துணிவுமட்டும் இன்னும் வந்திலது.