அரைக் கிலோ பிரமோஷன்

ஆபீஸில் இன்கிரிமென்ட் எப்படி வருகிறது? தேதி வந்தால் வருகிறது. நீங்கள் ஃபைல் பார்த்தீர்களா, கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்டீர்களா என்று அது விசாரிப்பதில்லை. தொடைச் சதை அப்படியல்ல ஸார். வேலை செய்தால்தான் சம்பளம்.

என் அண்ணன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் முட்டிச் சிப்பி உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்துப் பார்த்தால் பகீரென்றது. தொடை சூம்பிப் போயிருந்தது. குடியிருப்பதோ இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"அசையாம ரெஸ்ட் எடுடா" என்றாள் அத்தை.

பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்தாள். "ரெஸ்ட் எடுத்துத்தான் சார் இப்படி ஆச்சு!"

முதலில் முட்டிக்கடியில் டவலைச் சுருட்டி வைத்து அமுக்க வேண்டும். அப்புறம் காலை நீட்டித் தூக்க வேண்டும். எலும்பு கூடிவிட்டதென்று டாக்டர் சொன்ன பிறகே கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை. பத்துப் பத்தாக மூன்று சுற்று.

அண்ணன் ரோஷக்காரர். நாலாம் நாளே இரண்டு கிலோ கேட்டார்.

"பத்தாவது தடவையும் கால் நடுங்காம தூக்குங்க, அரைக் கிலோ ஏத்தறேன். மறுநாள் முட்டி வீங்கினா இறக்கிடுவேன்."

ஆக, டிமோஷனும் உண்டு!

இந்த முறைக்கு வழி காட்டியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். இரண்டாம் உலகப் போரில் கால் அடிபட்ட சிப்பாய்கள் சிகாகோவின் கார்டினர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். லேசான எடையைப் பல தடவை தூக்குவதே அன்றைய வழக்கம். இவர் அதைத் தலைகீழாக்கினார். இரும்புக் காலணியை மாட்டி, கனமாக, ஆனால் குறைந்த தடவை தூக்க வைத்தார். 1945ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். ஒருவரால் பத்தே தடவை தூக்க முடிகிற எடைதான் அளவுகோல். 1948 வாக்கில் அதை மூன்று சுற்றாகச் சுருக்கினார்கள்: முதலில் அதில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழுசு. பலம் கூடக்கூட அளவுகோலும் கூடும். பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். கூட்டு வட்டிதான்!

நாலு மாதத்தில் அண்ணன் நான்கு கிலோவைத் தொட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே மாடி ஏறினார். அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டாள். ஆனால், இறங்கும்போது கால் உதறியது.

"இறங்கறப்பதான் சார் பிரேக் பிடிக்கணும். தொடைக்கு அதுதான் பெரிய வேலை" என்றாள் அந்தப் பெண்.

இப்போது தினமும் ஒரு செங்கல் உயரத்திலிருந்து பத்துத் தடவை நிதானமாக இறங்குகிறார். அடுத்த பிரமோஷன், இரண்டு செங்கல்!