பழைய கணனியும் புதிய வன்தட்டும்

எந்தையார் சொல்லச் சொல்ல, அவர்தம் ஆசிரிய வாழ்வின் நினைவுகளை, 2000 ஆம் ஆண்டில் வாங்கிய கணனியில் தட்டெழுதி வைத்தேன். அவர் மறைந்த பின்னரும் அவற்றிற்குப் பிரதி எடுத்தேனல்லேன்; அஃது யான் செய்த பெரும் பிழை. சென்ற ஆண்டு அக்கணனியின் வன்தட்டு 'டிக், டிக்' என ஒலிக்கத் தொடங்கவே நெஞ்சம் துணுக்குற்றது.

"மாமா, இதை விட்டிட்டுப் புதுசு ஒண்டு வாங்குங்கோ" என்றான், நம் கல்லூரியில் உயர்தர வகுப்பிற் கற்கும் மருமகன். எனினும் என் உள்ளமறிந்து, சுழலும் தகடு இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைத் தட்டொன்றைக் கொணர்ந்தான். பழைய தட்டின் முனையிலோ 40 ஊசிகளுக்கு இடம். புதியதன் தரவு முனையிலோ ஏழே தொடுகைகள். சிறியதோர் இடைமாற்றிப் பலகை இரண்டிற்கும் துபாஷியாயிற்று. 28 பிற்று முகவரி கொண்ட அப்பழங் கணனிக்கு 137 கிகாபைற்றுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆதலின் 120 கிகாபைற்றுத் தட்டையே அவன் தெரிந்தெடுத்திருந்தான். முதியவரின் எல்லையறிந்து இளையவன் நடந்த பண்பு என்னைக் கவர்ந்தது.

பழைய தட்டை வீணே இயக்காது, ஒரே முறையில் முழுவதையும் பிரதி செய்தோம். மாலையில் எந்தையாரின் சொற்கள் திரையில் மீண்டும் தோன்றியபோது கண்கள் கலங்கின.

இன்று அவற்றிற்கு மூன்று பிரதிகள் உள, ஒன்று மருமகனிடம். அன்பர்காள்! உங்கள் இல்லங்களிலும் இத்தகைய செல்வம் இருக்கும். தட்டு ஒலிக்கும்வரை காத்திராதீர்கள்.