செராம்பூர்: கேரி ஐயரும் அவர் வீட்டாரும்



பிழைப்புக்காகவும் ஊழியத்துக்காகவும் சொந்த ஊரை விட்டு வடதேசத்துப் பட்டணங்களில் குடியேறியிருக்கிற நமக்கு வில்லியம் கேரி ஐயரின் பெயர் புதிதல்ல. செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து, இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, 41 ஆண்டுகள் ஒருமுறையும் தாய்நாடு திரும்பாமல் வங்காளத்திலேயே உழைத்து மரித்தவர் என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் ஒரு கணவராகவும், பிள்ளைகளைப் பெற்ற தகப்பனாகவும், பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டனாராகவும் வாழ்ந்ததை நாம் அதிகம் தியானிப்பதில்லை. கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள செராம்பூருக்கு நீங்கள் செல்வீர்களானால், அந்த ஊழியரின் அச்சகத்தையும் கல்லூரியையும் மட்டுமல்லாமல், அவர் வீட்டாரின் கதையையும் கேட்டு வாருங்கள் என்பதே இக்கட்டுரையின் விண்ணப்பம்.

ஊரும் வழியும்

ஹவுரா நிலையத்தில் பண்டேல் அல்லது பர்தமான் மெயின் மார்க்கமாகச் செல்லும் லோக்கல் ரயிலில் ஏறினால், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் செராம்பூர் வந்துவிடும். இன்று அவ்வூர் ஸ்ரீராம்பூர் என்றே வழங்குகிறது. ஹூக்ளி ஆற்றின் மறுகரையிலுள்ள பாரக்பூரில் இருப்போர் படகேறியும் வரலாம். ஆற்றின் வழியாக வருவதே இந்த ஊருக்குப் பொருத்தமான பிரவேசம்; ஏனெனில் கேரி ஐயர் வந்ததும், வாரந்தோறும் வேலைக்குப் போய் வந்ததும் இந்த ஆற்றிலேதான்.

1755 முதல் 1845 வரை இவ்வூர் டென்மார்க் தேசத்தாரின் குடியேற்றமாக இருந்தது. நம்முடைய தரங்கம்பாடியும் அவர்களுடையதே. 1845-ஆம் ஆண்டில் இரண்டு ஊர்களையும் அவர்கள் ஆங்கிலேயருக்கு ஒன்றாகவே விற்றுவிட்டார்கள். ஆகவே தரங்கம்பாடியைப் பார்த்தவர்களுக்குச் செராம்பூரின் பழைய கட்டடங்களில் ஓர் உறவுச் சாயல் தெரியும். 1806-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஓலாவ் ஆலயம் இடிபாடுகளிலிருந்து செப்பனிடப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பவில்லை. செராம்பூரின் டென்மார்க் ஆளுநரான ஓலே பீ அவர்களோ தரங்கம்பாடியில் சுவார்ட்ஸ் ஐயரின் ஊழியத்தை அறிந்தவர். அவர் கொடுத்த அடைக்கலத்தினாலேயே 1800 ஜனவரியில் கேரியின் குடும்பம் இங்கு வந்து சேர்ந்தது. தமிழ் மண்ணில் விதைக்கப்பட்ட ஒரு விதை வங்காளத்தில் நிழல் கொடுத்தது என்று சொல்லலாம்.

விரும்பாமல் புறப்பட்ட மனைவி

1781-இல் டாரதி அம்மையாரை மணந்தபோது கேரிக்கு வயது 19. மணமகள் அவரைவிட ஐந்து வயதுக்கு மேல் மூத்தவர். எழுத்தறியாதவராகையால் திருமணப் பதிவேட்டில் சிலுவைக் குறி இட்டார். அவர்களுக்குப் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் இங்கிலாந்திலேயே மரித்துப்போயின. இந்தியாவுக்குப் போவதாகக் கணவர் அறிவித்தபோது அம்மையார் மறுத்துவிட்டார்; அப்போது அவர் கர்ப்பிணி. மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி புறப்பட்டார். அந்தக் கப்பலில் போகமுடியாமல் தடை உண்டாயிற்று. அவர் திரும்பி வருவதற்குள் யாபேஸ் என்னும் ஆண் குழந்தை பிறந்திருந்தது. மறுபடியும் மன்றாடியதன்பேரில், தன் தங்கையும் உடன் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு அம்மையார் சம்மதித்தார். 1793 ஜூன் 13-ஆம் நாள், கைக்குழந்தையோடும் மூன்று சிறுவர்களோடும் அவர்கள் டென்மார்க் கப்பல் ஒன்றில் புறப்பட்டு, ஐந்து மாதப் பிரயாணத்துக்குப் பின் நவம்பரில் கல்கத்தா வந்தடைந்தார்கள்.

இதை வாசிக்கிற சகோதரியே, கணவரின் மாற்றல் உத்தரவின் பின்னால் மொழி தெரியாத ஊருக்குப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்தவர் நீங்களானால், டாரதி அம்மையாரின் மனநிலை உங்களுக்கு விளக்கிச் சொல்லப்பட வேண்டியதில்லை.

கையிலிருந்த பணம் தீர்ந்தது. சுந்தரவனக் காட்டோரத்தில் சில மாதங்கள் வாசம்பண்ணினார்கள். உடன்வந்த தங்கை அங்கேயே ஓர் ஆங்கிலேயரை மணந்துகொண்டார். பின்பு கேரிக்கு மால்டா பக்கத்தில் முட்னாபாட்டி என்னும் இடத்திலே அவுரிச்சாயத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை கிடைத்தது. 1794-இல், ஐந்து வயது மகன் பீட்டர் அங்கே காய்ச்சல் கண்டு மரித்தான். ஜாதிக் கட்டுப்பாட்டின் நிமித்தம் குழி தோண்டவும் சுமக்கவும் ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. அதன் பின் டாரதி அம்மையாரின் மனம் குலைந்தது. கணவர்மேல் ஆதாரமற்ற சந்தேகங்கள் எழுந்தன. சில வேளைகளில் அவரைத் தாக்கவும் முற்பட்டார். 1807 டிசம்பர் 8-இல் மரிக்கும் வரை, ஏறக்குறைய 12 ஆண்டுகள் அந்த நோய் நீங்கவில்லை. அவரை வீட்டை விட்டு அனுப்பிவிடக் கேரி இசையவில்லை. அடுத்த அறையில் மனைவியின் கூக்குரல் கேட்டுக்கொண்டிருக்க, இந்த அறையில் அமர்ந்து அவர் வேதாகமத்தை மொழிபெயர்த்தார் என்று அவ்வீட்டை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரே கூரையின்கீழ்

செராம்பூரில் மார்ஷ்மன், வார்டு ஆகியோரின் குடும்பங்களும் கேரியின் குடும்பமும் ஒரே வீட்டாராக, ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்தன. சம்பாத்தியம் முழுவதும் பொதுநிதிக்கே சென்றது. 1801 முதல் கேரி கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கற்பித்தார். வார நடுவில் பட்டணத்தில் தங்கி, வாரக் கடைசியில் படகேறி வீடு திரும்புவார். அந்தச் சம்பளமும் பொதுவில் சேர்ந்தது. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையிலும் வீட்டார் கூடி, அவ்வாரத்தில் ஒருவர்மேல் ஒருவருக்கு உண்டான மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்து, ஜெபித்தபின்பே கர்த்தருடைய நாளுக்கு ஆயத்தமானார்கள். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தாலும் செராம்பூர் யாத்திரை வீண்போகாது.

கேரியின் பிள்ளைகள் அப்போது கட்டுப்பாடின்றித் திரிந்தார்கள். தாய் நோயாளி, தகப்பனோ வேலையில் மூழ்கியவர், சிட்சிக்கத் தயங்கும் மென்மையான மனமும் உடையவர். அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளைப் போல் ஏற்றுத் திருத்தியவர் ஹன்னா மார்ஷ்மன் அம்மையார். பீலிக்ஸை ஆண்டவரண்டை நடத்துவதில் வார்டு பெரும் பங்கு வகித்தார். உங்கள் சபையிலும் அப்படிப்பட்ட பெரியம்மாக்களும் சித்தப்பாக்களும் இருப்பார்கள். அவர்களுடைய ஊழியத்துக்கு மேடை கிடையாது. ஆனால் அவர்களாலே அநேக வீடுகள் நிற்கின்றன.

1800 டிசம்பர் 28-ஆம் நாளை ஆற்றங்கரையில் நின்று நினைத்துப் பாருங்கள். கிருஷ்ண பால் என்னும் தச்சர், தம் தோள் மூட்டு பிசகியபோது மிஷனரி மருத்துவர் தாமஸிடம் சிகிச்சைக்கு வந்தவர். அதன்மூலம் சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்டார். ஏழாண்டுக் காத்திருப்புக்குப் பின் கிடைத்த முதற்கனி அவர். அன்று கேரி தம் மூத்த மகன் பீலிக்ஸுக்கும், பின்பு கிருஷ்ண பாலுக்கும் ஹூக்ளியில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆளுநர் ஓலே பீ கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் தாமஸ் சந்தோஷ மிகுதியால் புத்தி தடுமாறி ஒரு கட்டடத்திலும், டாரதி அம்மையார் தம் நோயோடு இன்னொரு அறையிலும் அடைபட்டிருந்தார்கள். ஸ்தோத்திரப் பாட்டும் புலம்பலும் ஒரே முற்றத்தில் கேட்ட நாள் அது. ஜெயத்தின் நாளில் நம் வீட்டில் ஒருவர் அழுதுகொண்டிருந்தால், அதற்காக ஆண்டவர் நம்மைக் கைவிட்டார் என்று பொருளல்ல.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்

பீலிக்ஸ் 1807-இல் பர்மாவுக்கு மிஷனரியாகச் சென்றார். பர்மிய மொழியைக் கற்றார். இலக்கண நூல் எழுதினார். அம்மை குத்தும் சிகிச்சையை அங்கே பரப்பினார். 1814-இல் அச்சு இயந்திரத்தோடு ஐராவதி ஆற்றில் போகையில் கப்பல் கவிழ்ந்து, அவருடைய மனைவியும் இரண்டு குழந்தைகளும் மூழ்கி மாண்டார்கள். செராம்பூரிலிருந்த பாட்டனாருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! அதன் பின் பீலிக்ஸ் பர்மிய அரசரின் தூதுவராகி, ஊழியத்தை விட்டு அலைந்தார். மிஷனரியாய் இருந்தவன் தூதுவன் என்னும் அளவுக்குச் சிறுத்துப்போனானே என்று தகப்பன் வருந்தினார். 1818-இல் மகன் திரும்பி வந்தார். தகப்பனுடன் இருந்து வங்காள மொழியில் கலைக்களஞ்சியப் பணியைத் தொடங்கி, 1822-இல் 37 வயதில் மரித்தார். கெட்டுப்போன மகன் என்று அவரைத் தள்ளாமல், வீட்டிலும் வேலையிலும் இடம்கொடுத்த தகப்பனை இங்கே பார்க்கிறோம்.

யாபேஸ் சட்டத்தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தார், ஆண்டவரை அறியாதிருந்தார். 1812-இல் லண்டனில் நடந்த மிஷனரிக் கூட்டத்தில் ஜான் ரைலண்டு ஐயர் பிரசங்கத்தை நிறுத்தி, கேரியின் இந்த மகனுக்காக எல்லாரும் மௌனமாய் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். அதே காலத்தில் யாபேஸ் மனந்திரும்பினார் என்ற கடிதம் பின்னர் போய்ச் சேர்ந்தது. 1814-இல் அவர் அம்போய்னா தீவுக்கு ஊழியராய் அனுப்பப்பட்டார். வில்லியம் கட்வாவில் மிஷனரியானார். கடைசி மகன் யோனத்தான் கல்கத்தாவில் வழக்கறிஞரானார்.

அந்த 1812-ஆம் ஆண்டில்தான் மார்ச் 11 மாலை அச்சகத்தில் தீப்பற்றியது. பல ஆண்டுகளாய் எழுதிய பன்மொழி அகராதியும், இலக்கண நூல்களும், வேதாகம மொழிபெயர்ப்புகளின் கைப்பிரதிகளும் சாம்பலாயின. எழுத்துகளை வார்க்கும் எஃகு அச்சுகள் இடிபாடுகளின்கீழ் தப்பியிருந்தன. அவற்றைக்கொண்டு சில மாதங்களில் மறுபடியும் அச்சடிக்கலானார்கள். பிற்பாடு வேதாகமம் முழுமையாகவோ பகுதியாகவோ ஏறக்குறைய 40 மொழிகளில் அங்கிருந்து வெளிவந்தது.

தோட்டமும் துணையும்

1808-இல் கேரி சார்லட் எமிலியா என்னும் டென்மார்க் தேசத்துச் சீமாட்டியை மணந்தார். டாரதி அம்மையார் மரித்து ஆறு மாதமும் ஆகாதிருந்ததால் உடன் ஊழியர்களுக்குள்ளே முறுமுறுப்பும் உண்டாயிற்று. சார்லட் அம்மையார் நடப்பதற்கே சிரமப்படும் பலவீன சரீரம் உடையவர். ஆயினும் பல மொழிகளைக் கற்றவர், வங்காளியையும் கற்றுக்கொண்டார். 13 ஆண்டுகள் அந்த வீட்டில் சமாதானம் இருந்தது. 1821-இல் அவரும் மரித்தார். அதன் பின் கிரேஸ் அம்மையார் கேரியை மணந்து, கடைசி வரை பராமரித்தார்.

தகப்பனின் தோட்டத்தைப்பற்றி மகன் யோனத்தான் ஆசையோடு எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய ஐந்து ஏக்கர் தோட்டம். அதிகாலையில் ஜெபமும் தியானமும் அங்கேதான். இங்கிலாந்திலிருந்து விதைகள் வந்த பையை உதறிய மண்ணில், அந்நாட்டுச் சிறு டெய்சிப் பூ ஒன்று முளைத்தபோது கேரி குழந்தையைப் போல் களிகூர்ந்தார். 1823 அக்டோபரில் படகிலிருந்து இறங்குகையில் வழுக்கி விழுந்து மரணத்தருவாய் வரை சென்றார். அதே காலத்தில் வெள்ளம் வந்து தோட்டத்தையும் பாழாக்கியது. எழுந்ததும் மறுபடியும் நட்டார். முடிவு நெருங்கியபோது, தாம் போனபின் மார்ஷ்மன் தோட்டத்தில் பசுக்களை விட்டுவிடுவாரோ என்று கவலைப்பட்டதாகவும் யோனத்தான் சொல்லுகிறார். மகாபெரிய ஊழியர் என்று நாம் வணங்கித் தூரத்தில் நிறுத்துகிற மனிதர், பிள்ளைகளின் நினைவில் இப்படித்தான் இருந்தார்.

கல்லறையருகே

1818-இல் தொடங்கிய கல்லூரியின் உயர்ந்த தூண்கள் இன்றும் ஆற்றை நோக்கி நிற்கின்றன. 1827-இல் டென்மார்க் மன்னர் அளித்த சாசனத்தின் அதிகாரத்தினாலேதான், செராம்பூர் செனட்டுடன் இணைந்த நம் தமிழ்நாட்டு இறையியல் கல்லூரிகளிலும் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. கேரி நூலகத்தையும் பார்த்துவிட்டு, மிஷன் கல்லறைத் தோட்டத்துக்கும் தவறாமல் செல்லுங்கள்.

கேரி 1834 ஜூன் 9-இல் நித்திரையடைந்தார். தம்மைச் சார்லட் அம்மையாரின் அருகில் அடக்கம்பண்ணி, அவருடைய கல்லிலேயே தம் பெயரையும் பொறித்தால் போதும் என்று உயிலில் எழுதியிருந்தார். சேகரித்த கிளிஞ்சல்களும் கனிமங்களும் உலர்செடிகளும் கல்லூரிக்கு. சில நூல்களை விற்றுவரும் பணத்தில் யாபேஸுக்கு ஒரு பங்கு. அவ்வளவே ஆஸ்தி. டாரதி அம்மையாரும் இந்தச் செராம்பூர் மண்ணிலேயே துயில்கிறார். அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு பக்கமும் மொழிபெயர்க்கவில்லை. ஆயினும் வங்காளத்து வேதாகமத்துக்காக அவரைப்போல் கிரயம் செலுத்தினவர் யார்? கேரியின் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரிக்கும்போது அவருடைய பெயரையும் சொல்லுங்கள்.

சபையை விசாரிப்பதைப்பற்றிப் பேசுகையில், வீட்டை நடத்துவதைப்பற்றியும் பவுல் அப்போஸ்தலர் சேர்த்தே பேசுவதை 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வேலை, இரவு ஜெபம், வெளியூர்க் கூட்டம் என்று ஓடுகிற சகோதரரே, உங்கள் வீட்டின் அடுத்த அறையில் இருப்பவரின் குரல் உங்களுக்குக் கேட்கிறதா? கேரியின் காலத்தில் மனநோய்க்கு மருந்து இல்லை. இன்று மருத்துவர்கள் உண்டு. மனச்சோர்வில் இருக்கும் மனைவியையோ பிள்ளையையோ ஜெபத்தோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்வது அவிசுவாசம் அல்ல. வழிதவறித் திரும்பி வரும் மகனுக்கு ஒரு நாற்காலியை வைத்திருங்கள். வருகிற சனிக்கிழமை மாலையில் குடும்பமாய் அமர்ந்து பேசுங்கள்.

தூர தேசத்தில் நம்மைக் கொண்டுவந்து வைத்த கர்த்தர், நம் ஊழியத்தையும் நம் வீட்டாரையும் ஒருமித்துக் காத்து நடத்துவாராக. ஆமென்.