லாத்தாவின் கேள்வி

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வைரஸ் பற்றிப் படிப்பிக்கும் போதெல்லாம் ஒரே வசனத்தைத்தான் சொல்லி வந்தேன். "அது உயிருக்கும் சடத்துக்கும் இடையில் நிற்பது, நமக்கு நோயைத் தருவது." அந்த இரண்டாவது பாதியை இப்போது அப்படியே சொல்ல முடிவதில்லை. காரணம் என் லாத்தா.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது என் கையை விடாமல் பிடித்து நடந்தவர் அவர். அப்படிப்பட்டவர், மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டதை ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். கடைசியில் மச்சானும் நானும் மாறி மாறி அவரைக் கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனோம். முதல் ஊசிகளுக்குக் கட்டி சுருங்கியது. பிறகு அதே மருந்துக்கு அசையவில்லை.

"ஏன் மச்சான், மருந்து பழசாப் போச்சா?" என்று கேட்டார் மச்சான். வயல்காரருக்கு வயலை வைத்தே சொன்னேன்: "களைநாசினி அடிச்சும் தப்புற நெற்சப்பி இருக்கெல்லா? அதுர விதைதான் அடுத்த போகத்தில முளைக்கும். பிறகு அந்த நாசினிக்கு அது சாகாது." புற்றுக் கலங்களும் அப்படித்தான். சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. சில, மருந்து செய்த சேதத்தைத் தாமே திருத்திக்கொள்கின்றன. தப்பியவை பெருகுகின்றன.

அந்த நாட்களில்தான் புற்றைக் கொல்லும் வைரஸ்கள் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். நல்ல கலத்துக்குள் வைரஸ் புகுந்தால் அந்தக் கலம் அபாய மணி அடித்து அதைத் தடுக்கும். பல புற்றுக் கலங்களில் அந்த மணி பழுதாகியிருக்கும். வைரஸ் உள்ளே பெருகி, கலத்தை உடைத்து, அடுத்ததற்குப் போகும். உடைந்த கலம் சிந்தியதைக் கண்டு உடம்பின் காவற்படையும் விழித்துக்கொள்ளும். மருந்தை வெளியே இறைக்கும் தந்திரம் இதனிடம் பலிக்காது.

குரோஷியாவில் பீட்டா ஹலாசி என்றொரு வைரஸ் விஞ்ஞானி. முன்பே மார்பை அகற்றி, கீமோவும் பட்டவர். 2020இல், 49 வயதில், நோய் மறுபடி வந்தபோது தன் ஆய்வுகூடத்தில் வளர்த்த தட்டம்மை வைரஸையும் வேறொரு வைரஸையும் கட்டிக்குள் ஏற்றச் செய்தார். கட்டி சுருங்கியது; வெட்டி எடுத்தார்கள். ஒரு வருடம் வேறு மருந்தும் எடுத்தார். 2024இல் அதை எழுதி வெளியிட்டபோது ஏறக்குறைய நான்கு வருடங்கள் நோயில்லாமல் இருந்தார்.

மாற்றியமைத்த ஹெர்பீஸ் வைரஸ் ஒன்றை மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 2015இல் அமெரிக்கா அங்கீகரித்தது. அதையே கீமோவோடு சேர்த்து, ஒரு கடுமையான வகை மார்பகப் புற்றுநோயுள்ள 37 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2023இல் வந்தது. சத்திரசிகிச்சையின்போது 17 பேருக்குப் புற்று மிச்சமில்லை. ஆனால் அவர்கள் அப்போதுதான் சிகிச்சை தொடங்கியவர்கள். வைரஸ் கொடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிடவுமில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு இது இன்னும் பரிசோதனைதான்.

ஒரு பின்னேரம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். லாத்தா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அந்த மருந்து எனக்குக் கிடைக்குமா?"

பிள்ளைகளின் எந்தக் கேள்விக்கும் நான் இப்படித் திணறியதில்லை. இன்ஷா அல்லாஹ் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்த வார்த்தையைப் பொய்க்குப் போர்வையாக்க மனம் வரவில்லை.

"இல்ல லாத்தா. இப்ப கிடைக்காது."

அவர் அழவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி. உங்கட மக பெரியவளாகிறதுக்குள்ள வந்துருமா?"

"வரலாம்."

"வந்தாலும், கட்டி இருக்கிறதை வாயத் திறந்து சொன்னாத்தானே மருந்து குடுப்பாங்க. அவளை வெக்கப்பட விடாதீங்க."

மற்றக் கிழமை, குடும்பநல உத்தியோகத்தர் அம்மாவிடம் நாள் கேட்டு, எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார் லாத்தா. தலைமுடி கொட்டிய தலையில் முக்காடு. முன்னால் அவர்தான் நடந்தார்.