ஒட்டின் ஓரம்: மேகமலை அடிவாரத்தில் அலுமினியப் பற்றவைப்பு

சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஹைவேவிஸுக்கு ஏறும் மேகமலைச் சாலையும், கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகளின் அன்றாட ஓட்டமும் அடிவாரத்துப் பட்டறைகளுக்கு வேலை தருகின்றன. கல்லில் மோதிப் பிளந்த எஞ்சின் உறை, காது முறிந்த கியர்பாக்ஸ் மூடி, திராட்சைக்கு மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானின் பம்பு உறை முதலியவை பெரும்பாலும் அலுமினிய வார்ப்புகளாக இருப்பதால், அவை 'ஆர்கான் வெல்டிங்' தெரிந்த கைக்கே வந்து சேர்கின்றன. காற்றை விலக்கி நிறுத்தும் ஆர்கான் வாயுவின் நடுவில், தான் உருகாத டங்ஸ்டன் முனையிலிருந்து மின்வில்லை எழுப்பி, மறுகையால் நிரப்புக் கம்பியை ஊட்டிச் செல்லும் முறை அது.

அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிட, அதன்மேல் காற்றுப் பட்டவுடன் படரும் அலுமினா என்னும் ஆக்சைடுப் படலம் 2,000 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால், மாறுதிசை மின்னோட்டத்தின் ஒரு பாதி அப்படலத்தைப் பெயர்க்கவும் மறு பாதி உலோகத்தை உருக்கவும் பயன்படுகிறது. இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காமல் திடீரெனச் சரிந்துவிடும் உலோகம் இது. ஆகவே வெல்டர் நிறத்தை நம்பாமல், உருகிய குட்டையின் மேற்பரப்பு பளிச்சிடும் கணத்தையே கவனிக்கிறார். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறிய வார்ப்பு வேறொரு தொல்லையைத் தருகிறது. எண்ணெயும் ஈரமும் சிதைந்து வெளியிடும் ஹைட்ரஜன், உருகிய அலுமினியத்தில் தாராளமாகக் கரைந்து, உறையும்போது இடமின்றிக் குமிழ்களாகச் சிக்கிக்கொள்கிறது. வயர் பிரஷ், கரைப்பான், முன்சூடு என்று துப்புரவுக்குச் செலவாகும் நேரம் பற்றவைக்கும் நேரத்தை விஞ்சுவதற்கும், அதற்குக் கூலி கேட்டால் வண்டிக்காரர் முகம் சுளிப்பதற்கும் இதுவே காரணம்.

ஒட்டு விடும்போது, பற்றவைத்த வரியை விட்டு அதன் ஓரத்தில் விரிசல் ஓடுவது பலமுறை காணப்படுவது. வெப்பம் தாக்கிய பகுதி எனப்படும் இவ்வோரம் உருகுவதில்லை, ஆயினும் அதன் உள்ளமைப்பு மாறிவிடுகிறது. 6061 என்னும் கலவையில், மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்துகள்கள் பக்குவமான சூட்டில் படிந்திருப்பதாலேயே உறுதி வருகிறது; மின்வில்லின் சூடு அத்துகள்களைக் கரைத்தோ பருக்கவைத்தோ விடுவதால், 310 மெகாபாஸ்கல் அளவில் இருந்த இழுவலிமையில், பற்றவைத்தபின் 165 அளவையே நம்பி வடிவமைப்பது பொறியியல் வழக்கம். எஞ்சின் உறைகளின் அச்சு வார்ப்புக் கலவைகளில் இவ்வீழ்ச்சி இத்தனை கடுமையன்று. வார்க்கும்போதே உள்ளே அடைபட்ட காற்று மறுசூட்டில் விரிவதே அங்குப் பெரிய பகை.

அரிப்பைப் பொறுத்தவரை, இப்பகுதிக்கெனத் தனிச் சூழல் ஒன்று உண்டு. கம்பம் பன்னீர் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கும், ஏலத்தின் அழுகல் நோய்க்கும் போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது. தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிர ஆக்சிகுளோரைடு. 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீதப் போர்டோ கலவை பக்குவமாயிற்றா என்றறிய விவசாயிகள் அரிவாள் நுனியை அதில் தோய்த்துப் பார்ப்பதுண்டு. இரும்பில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அதே வினை அலுமினியத்திலும் நிகழும். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை இழக்கும் இவ்வுலோகத்தை ஆக்சைடுப் படலமே காத்துநிற்க, குமிழ்த்துளையும் உள்வெட்டும் உள்ள ஒட்டின் ஓரத்தில் மருந்து தேங்கினால், அங்குப் படியும் செம்புத் துகள் எதிர்மின்முனையாகி, தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தைக் கரைத்துக் குழி பறிக்கிறது. சுண்ணாம்பு மிஞ்சினாலும் கேடுதான், ஏனெனில் வலுத்த காரத்தில் அப்படலமே கரையும். ஆகவே நுனி சிவக்காத அரிவாள் பயிருக்குச் சான்றாகலாம், பம்பு உறைக்கு ஆகாது. மேகமலையின் நீண்ட பனிமூட்டம் உறைகளை உலரவிடாமல் இவ்வினைக்குத் துணைபோகிறது.

தமிழ்நாட்டில் இத்துறை ஆய்வு வளமானது. 1948 ஜூலை 25 அன்று அழகப்ப செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் கடற்காற்று அரிப்பை ஆராய்கிறது. திருச்சி பெல் வளாகத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. 1991-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட உராய்வுக் கலக்குப் பற்றவைப்பில், சுழலும் கருவி உலோகத்தை உருக்காமல் இளக்கிப் பிசைந்து இணைப்பதால், உருகி உறைவதால் வரும் ஹைட்ரஜன் குமிழும் சூட்டு விரிசலும் தவிர்க்கப்படுகின்றன. ராக்கெட் எரிபொருள் தொட்டிகளுக்கான 2219 கலவையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி முனைகளின் வடிவங்களை ஒப்பிட்டு, சதுர முனையே குறையற்ற இணைப்பைத் தருவதாக 2007-ஐ ஒட்டி வெளியிட்டனர்.

எனினும் அம்முறைக்குத் தகடு அசையாமல் இறுகப் பிணிக்கப்பட்டு, கருவி பெரும் விசையுடன் அழுத்தப்பட வேண்டும்; வளைவும் விலாவும் நிறைந்த உடைந்த உறையை அதில் பூட்ட வழியில்லை. ஆகவே பட்டறையில் வெல்டர் விரிசலின் இரு முனைகளிலும் துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, சிலிக்கான் 5 சதவீதம் உள்ள 4043 கம்பியால் நிரப்பி, மேடுபள்ளத்தை அரைத்துச் சமமாக்கியபின், உட்புறம் மண்ணெண்ணெய் ஊற்றி வெளியில் பூசிய சுண்ணப்பொடியில் கறை தோன்றுகிறதா என்று பார்க்கிறார். தோன்றினால் மறுபடி அரைத்து எடுக்கிறார்.